தும்மலிடமிருந்து எடுத்த பன்னிரண்டு புள்ளி

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு மில்லி என்று பெயர். மில்லிமீட்டர் என்பதைச் சுருக்கி முதலாளி வைத்த பெயர் அது. கடைக்குப் பின்னால், ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய ஓர் அறையில், லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். லென்ஸின் நடுப்புள்ளி, போட்டுக்கொள்கிறவரின் கண்மணிக்கு நேராக வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் அந்த மனிதருக்குப் பத்து நாள் தலைவலி. அப்படித் தள்ளிப்போன லென்ஸை அவள் வெளியே விடவே மாட்டாள், திரும்பச் செய்வாள். வாடிக்கையாளர் முன்னால் வந்து காத்திருக்கும்போதும் திரும்பச் செய்வாள். முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“விடும்மா, யாருக்குத் தெரியப்போகுது?” என்பார்.

“அவரு தலைக்குத் தெரியும்” என்பாள் மில்லி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். வேறு யாராவது செய்திருந்தால் அவசரம், அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

அவளுக்கு ஒரே தம்பி. ஏழு வயது இளையவன். அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போனபிறகு இரண்டு அறை வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். அவன் கூரியர் கிடங்கில் பொட்டலங்களைப் பிரித்துப் போடும் வேலையில் இருந்தான். நிமிடத்துக்கு இருபத்திரண்டு பொட்டலம், கிடங்கிலேயே அவன்தான் முதல். ஒருநாள் ஒரு பொட்டலம் கையிலிருந்து நழுவியது. மறுநாள் மூன்று. மேற்பார்வையாளர், காலையிலேயே குடித்துவிட்டு வந்தாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவன் வீட்டுக்கு வந்து, “என்னைப் போய் குடிகாரன்னுட்டான்கா” என்று சிரித்துச் சிரித்துச் சொன்னான். அவளும் சிரித்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வாயில் தானே அடித்துக்கொள்ளத் தோன்றும்.

பொட்டலத்துக்குப் பிறகு மாடிப்படி போயிற்று. அப்புறம் சட்டைப் பொத்தான். நரம்பு நோய் என்றார்கள், பெயரையும் சொன்னார்கள், மருந்து இல்லை என்றும் சொன்னார்கள். மூன்று வருடத்தில் அவனிடம் மிச்சம் இருந்தது கண்ணும் புத்தியும்தான். புத்தி மட்டும் முன்னைவிடக் கூர்மையாக இருந்தது. அதுதான் கொடுமை.

பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு ஒரு விளையாட்டில் பைத்தியம். போனில் விலங்குகளை வளர்த்து, முகம் தெரியாத யாருடைய விலங்குகளோடோ மோத விடுவது. ஆளுக்கு நான்கு விலங்குகள், களத்தில் ஒரு நேரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ரகசியமாகத் தங்கள் அடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு நாற்பது விநாடி. எந்த விலங்குக்கு வேகம் அதிகமோ அது முதலில் அடிக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. முப்பது வயது தாண்டிய ஆம்பிளை பொம்மைகளைச் சண்டைக்கு விட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அவன் கட்டைவிரல் நின்றுபோன வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்து போனை எடுத்தாள்.

“சொல்லித் தொலை. எதை அமுக்கணும்?”

அன்றிலிருந்து அவள் அவனுடைய கை ஆனாள், விளையாட்டும் அவள் போனுக்கு வந்தது. பேச்சு குழறினாலும் அப்போது புரிந்தது. கடையிலிருந்து வந்ததும் கைகால் கழுவி, அவனுக்கு ஊட்டி, போனைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டு உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் அதே வேலை. பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸம்மா, “நல்லா இருக்கு, நோயாளிக்குத் துணைக்கு நீங்களும் புள்ளையாயிட்டீங்க” என்று கேலி செய்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

அவனுடைய நான்கு விலங்குகளில் நான்காவதுக்குத் தும்மல் என்று பெயர் வைத்திருந்தான். கீரி மூஞ்சி, பொறி பறக்கிற வால், முழங்கை நீளம். வருவது தெரிவதற்குள் வந்துவிட்டுப் போய்விடும், அதனால் அந்தப் பெயர். எதிராளிகள் வழக்கமாகக் கொண்டுவரும் ஒரு தடி விலங்குக்கு அக்காவும் தம்பியும் வைத்த பெயர் பீரோ. தள்ளினாலும் நகராது.

“பீரோ அடி வாங்கறதுக்குப் பொறந்தது. தும்மல் அடியே வாங்கக் கூடாது” என்று பாடம் எடுத்தான். “ஒரே அடில காலி. ஆனா அடிக்கிறவன் முந்தினாத்தானே அடி? இவன்தான் எப்பவும் முந்துவான்.”

“அப்ப இவனையே மொதல்ல விடேன்.”

“அதான் எல்லாக் கத்துக்குட்டியும் பண்றது. மொத ரவுண்டுலயே விட்டா எதிராளி வலை வீசுறவனைக் கொண்டு வருவான். வலை விழுந்தா வேகம் பாதி. அப்புறம் தும்மல் வெறும் கீரி. மொத மூணு பேரும் போய் வலைக்காரனை முடிக்கணும், மத்தவனுங்களைக் களைப்பாக்கணும், அடி வாங்கணும், சாகணும். எல்லாம் முடிஞ்சப்பறம் இவன் வந்து கூட்டிப் பெருக்கித் தள்ளணும். எப்ப இவனை வெளிய விடறதுங்கறதுதான்கா மொத்த விளையாட்டும்.”

ஒவ்வொரு விலங்குக்கும் இருநூறு பயிற்சிப் புள்ளிகள் உண்டு. தாக்குதல், தாங்குசக்தி, வேகம் என்று பிரித்துப் போட வேண்டும். ஒன்றில் நூறுக்கு மேல் போட முடியாது. தும்மலுக்கு அவன் தாக்குதலில் நூறு, வேகத்தில் நூறு போட்டிருந்தான். தாங்குசக்தியில் சுழி. வேகத்தில் நூறு போட்டால் தும்மலின் வேகம் நூற்றி நாற்பத்தொன்று. ஒரு புள்ளி எடுத்தால் ஒரு வேகம் குறையும்.

“நாரைன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு முழுசா வேகம் போட்டா நூத்தி நாப்பது. இவன் நூத்தி நாப்பத்தொண்ணு. அந்த ஒரே ஒரு புள்ளிக்காகத்தான் இவனை எடுத்து வளத்தேன்.”

இதை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அதற்கென்ன இப்போது என்றிருப்பார்கள். மில்லிக்கு உடனே புரிந்தது. அவளுடைய தொழிலே அந்த ஒரு புள்ளிதான். முதன்முறையாகத் தம்பி செய்வது ஒரு வேலை என்று அவளுக்குப் பட்டது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுத ஆரம்பித்தாள். எந்த எதிராளியின் எந்த விலங்கு எதை முந்தியது, அதிலிருந்து அதன் வேகம் எவ்வளவு இருக்கும் என்று அவன் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்ல எழுதினாள்.

பிறகு பேச்சும் போயிற்று. கடையில் மீந்த தெளிவான பிளாஸ்டிக் தகடு ஒன்றை அவள் தன் இயந்திரத்திலேயே வெட்டி, ஓரம் தேய்த்து, எழுத்துகளைக் கட்டம் கட்டி ஒட்டினாள். தகட்டின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். அவன் எந்த எழுத்தைப் பார்க்கிறான் என்பதை அவன் கண்மணியைப் பார்த்து அவள் படிப்பாள். கண்மணி பார்ப்பதுதானே அவள் பிழைப்பு. நாலு மூலையில் விலங்கின் நாலு அடிகள். மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் இல்லை. நாற்பது விநாடிக்குள் அவர்கள் ஒரு சுற்றை முடித்துவிடுவார்கள். இருபதில்கூட முடித்ததுண்டு.

ஆனாலும் ஒன்று மட்டும் அவளால் முடியவில்லை. தும்மல் விழுவதைப் பார்க்க முடியவில்லை. கணக்குத் தப்பி எப்போதாவது அடி விழுந்தால் அது ஒரு சின்னச் சத்தம் போட்டுவிட்டு, வாலின் பொறி அணைந்து, பக்கவாட்டில் சாயும். பொம்மைதான். அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருமுறை, “கொஞ்சம் தாங்குசக்தி குடுத்தா என்னடா?” என்று கேட்டாள். அவன் தகட்டில் எழுத்து எழுத்தாகப் பார்த்தான்: வேகத்துல கை வைக்காதே.

இதற்கு நடுவே டாக்டர் கேட்ட கேள்வி ஒன்று வீட்டில் யார் மேலும் படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சுத் தசைகள் ஓய்ந்துகொண்டு வருகின்றன. தொண்டையில் துளை போட்டு மூச்சு இயந்திரம் பொருத்தினால் வருடக்கணக்கில் இருக்கலாம். பொருத்தாவிட்டால் இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று. முடிவு அவனுடையது.

அவன் வேண்டாம் என்றான். மில்லி கெஞ்சினாள். சண்டை போட்டாள். இரண்டு நாள் தகட்டை எடுக்காமல் பழிவாங்கினாள். “எனக்கு யாருடா இருக்கா?” என்று அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதற்கும் அவன் கண்ணை இறுக்க மூடினான்.

அப்போதுதான் வருடாந்திரப் போட்டியின் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. தினமும் ஏறிக்கொண்டே வந்து, அவர்கள் கடைசி முப்பத்திரண்டு பேரில் ஒருவராகிவிட்டார்கள். இன்னும் ஒரே ஆட்டம். ஜெயித்தால் பதினாறு பேரில் ஒருவர். அந்தப் பதினாறு பேருக்கும் பெரிய போட்டி நாலு மாதம் கழித்து. பதினைந்து வருடமாக அவன் எட்டாத இடம் அது. அந்த வாரத்தில் ஒருநாள் மாலை அவன் தகட்டைக் கண்ணால் கேட்டான். மில்லி தூக்கிப் பிடித்தாள்.

ஜெயிச்சா மிஷின் போட்டுக்கறேன்.

அவள் இரண்டு முறை படித்தாள். “நெசமாவாடா?”

நாலு மாசம் வேணுமே.

“தோத்தா?”

தோத்தா எதுக்கு.

அந்த நிமிடத்திலிருந்து மில்லிக்குத் தரையில் கால் நிற்கவில்லை. எதிர்பார்ப்பில்லாமல் இருந்தவரை அவள் ஒழுங்காக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நம்பிக்கை வந்ததும் புத்தி கெட்டது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆட்டம். சனிக்கிழமை மதியம் கடையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் நோட்டைத் திறந்தாள். எண்பத்தேழு ஆட்டங்கள். தும்மல் விழுந்தது பதினொரு தடவை. அதில் எட்டு தடவை பீரோவின் மோதலில். திடீரென்று முந்திக்கொண்டு மோதும் ஓர் அடி பீரோவிடம் உண்டு, அதற்கு வேகக் கணக்குக் கிடையாது.

பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டாள். தாங்குசக்தியில் பன்னிரண்டு புள்ளி போட்டால் பீரோவின் அந்த மோதலுக்குப் பிறகும் தும்மலுக்கு ஒரு நூலிழை உயிர் மிச்சமிருக்கும். பதினொன்று போட்டால் இருக்காது. சரியாகப் பன்னிரண்டு. வேகம் நூற்றி இருபத்தொன்பதுக்கு இறங்கும். நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். எண்பத்தேழு ஆட்டத்தில் எதிரே வந்த எதுவும் நூற்றி இருபத்தைந்தைத் தாண்டவில்லை. நாரை பத்தொன்பது தடவை வந்திருந்தது, எல்லாமே நூற்றிப் பதினெட்டு, நூற்றி இருபது. நாரையை எல்லோரும் தாங்குசக்திக்குத்தான் வளர்க்கிறார்கள். வேகத்துக்கு நாரையை வளர்க்கிற கிறுக்கன் இல்லை. யாருமே வராத ஒரு வழியில் காவலுக்குப் பன்னிரண்டு புள்ளியை நிறுத்திவைத்திருக்கிறான் தம்பி, அடி விழுகிற பக்கம் திறந்து கிடக்கிறது.

கேட்டால் வேண்டாம் என்பான். கேட்காவிட்டால்? ஆட்டத்தில் உயிர்க்கோடு மட்டும்தான் திரையில் தெரியும். வேகமும் தாங்குசக்தியும் தெரியாது. யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தக் கேள்வி முதலாளியின் வாயிலிருந்து வந்திருந்தால் அவளிடம் பதில் இருந்திருக்கும். அவளே கேட்டுக்கொண்டதால் பதில் வரவில்லை. போனில் விளையாட்டைத் திறந்து, வேகத்தில் கழித்தல் குறியைப் பன்னிரண்டு முறை, தாங்குசக்தியில் கூட்டல் குறியைப் பன்னிரண்டு முறை அழுத்தினாள். பிறகு டப்பாவைத் திறந்து நன்றாகச் சாப்பிட்டாள்.

ஞாயிறு பிற்பகல் நர்ஸம்மாவும் போகாமல் நின்றாள். எதிராளியின் பெயர் திரையில் வந்தது: சலவைக்காரி. யாரோ, எங்கேயோ. முதல் சுற்றிலேயே சலவைக்காரி வலைக்காரனைக் கொண்டுவந்தாள். தம்பி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இரண்டாவது விலங்கை மாற்றி விட்டு, மூன்று சுற்றில் வலைக்காரனை முடித்தான். அதற்கு அவன் கொடுத்த விலை ஒரு விலங்கு. அடுத்தது ஒரு முள்ளுடம்புக்காரன். அதை அவன் இழுத்தடித்துக் களைப்பாக்கி முடித்தபோது தன் பக்கம் இன்னொன்றும் போயிருந்தது. மூன்றாவதாக எதிரே வந்ததை இவனுடைய மூன்றாவது விலங்கு வீழ்த்திவிட்டுக் கடைசியாக வந்த நாரையின் மேல் பாய்ந்தது. நாரையின் உயிர்க்கோடு சிவப்புக்கு இறங்கியது. பதிலடியில் இவன் விலங்கு சாய்ந்தது. பீரோ வரவே இல்லை. சலவைக்காரியிடம் பீரோவே கிடையாது.

அங்கே நாரை ஒன்று, குற்றுயிராக. இங்கே தும்மல், முழு உயிரோடு. அவன் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த இடம் இதுதான். கூட்டிப் பெருக்க வேண்டிய நேரம்.

“அவ்ளோதான?” என்றாள் நர்ஸம்மா. “ஜெயிச்சாச்சா?”

தம்பியின் கண்கள் மேல் வலது மூலைக்குப் போயின. தும்மலின் சாதாரண அடி, அதுவே போதும். மில்லி அழுத்தினாள். நாற்பது விநாடியில் முப்பது மிச்சமிருந்தது. அந்த முப்பது விநாடியில் அவள் அவன் கழுத்துக்குக் கீழே துணியைச் சரிசெய்தாள். மிஷினைக் கட்டிலுக்கு எந்தப் பக்கம் வைப்பது, ஜன்னல் பக்கமா சுவர்ப் பக்கமா என்று யோசித்தாள். ஜன்னல் பக்கம் வைத்தால் அவனுக்கு வெளியே பார்க்க மறைக்கும். சுவர்ப் பக்கம் வைத்துவிடலாம்.

திரையில் நாரை கழுத்தைத் தூக்கியது. முதலில் தூக்கியது.

தும்மல் அந்தச் சின்னச் சத்தத்தைப் போட்டது. வாலின் பொறி அணைந்தது. தாங்குசக்தியின் பன்னிரண்டு புள்ளி நாரையின் அலகுக்கு ஒரு பொருட்டே இல்லை.

“ஐயோ, என்னாச்சு?” என்றாள் நர்ஸம்மா. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

தம்பி திரையைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தகட்டைத் தூக்கவே இல்லை. கடைசியில் தூக்கினாள்.

யார் மாத்தினா.

அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருவனுக்கு விரல் அசையாது. ஆனாலும் அவன் கேட்டான்.

“நான்தான்.”

எவ்ளோ.

“பன்னெண்டு.”

அவன் கண்ணை மூடித் திறந்தான். பன்னிரண்டு போனால் நூற்றி இருபத்தொன்பது. நாரை நூற்றி நாற்பதாக இருந்திருக்கும். எங்கேயோ ஒரு சலவைக்காரி நாரையை வேகத்துக்கு வளர்த்திருக்கிறாள். அப்படி ஒருத்தி வருவாள் என்று அவன் பதினைந்து வருடம் காத்திருந்தான், வந்துவிட்டாள்.

ஏன்.

“தாங்கட்டும்னுதான்டா” என்றாள் மில்லி. “ஒரே ஒரு அடியாவது தாங்கட்டுமேன்னு.”

அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் சிரிப்பு அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது, விக்கலும் இருமலும் கலந்து. அழுகையும் அதே சத்தம்தான். அன்றைக்கு அது எது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். “இது கணக்குல சேராதுடா. நீ தோக்கல, நான்தான் தோத்தேன். நீ அந்தப் புள்ளியோட ஆடியிருந்தா ஜெயிச்சிருப்ப. ஜெயிச்ச மாதிரிதான். மிஷின் போட்டுக்கடா. அடுத்த வருஷம் ஆடலாம். நான் எதையும் தொடமாட்டேன், சத்தியமா தொடமாட்டேன்.”

அவன் கண்ணை இறுக்க மூடினான்.

அதற்குப் பிறகு அவன் அவள்மேல் கோபமாக இருந்தான் என்று சொல்ல முடியாது. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வழக்கம்போல் சாப்பிட்டான், வழக்கம்போல் ஜன்னலைப் பார்த்தான். விளையாடலாமா என்று அவள் கேட்கும்போது மட்டும் கண் மூடிக்கொள்ளும். கடையில் அவள் ஒரே வாரத்தில் மூன்று லென்ஸைக் கெடுத்தாள். முதலாளி பின்னறை வாசலில் வந்து நின்றார். திட்டத்தான் வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “டீ சொல்லட்டுமாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார். தன்னை யாராவது ஒருவர் உட்கார வைத்துத் திட்ட மாட்டார்களா என்று இருந்தது அவளுக்கு.

மூன்றாவது வாரம் அவனுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகக்கவசம் இறுக்கினார்கள். அதன் பட்டைகள் கன்னத்தை இழுத்துப் பிடித்ததில் இமை சரியாக மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. தகட்டைப் பிடித்துப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து போக அவனுக்குத் தெம்பில்லை. ஆமாமும் இல்லையும் மட்டும் மிச்சம். அதுவும் தேய்ந்துபோய், ஆமாம் என்றால் கண்மணி ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறும், இல்லை என்றால் மேலிமை ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கும்.

காலைச் சுற்றுக்கு டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, நிதானமானவர். கட்டிலருகே குனிந்து அவனிடமே நேராகப் பேசினார். “முன்னாடி வேண்டாம்னு சொல்லியிருந்தீங்க. இப்ப மறுபடி கேக்கறது என் கடமை. தொண்டைல துளை போட்டு மிஷின் பொருத்தணும்னா இன்னிக்கே செய்யணும். நாளைக்கு உங்க உடம்பு தாங்காது. போடலாமா?”

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற இளம் டாக்டரும் எட்டிப் பார்த்தார். இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

“அவரு என்ன சொல்றாருன்னு எனக்குப் புரியலைங்க” என்று டாக்டர் மில்லியின் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத்தான் தெரியும்னு நர்ஸ் சொன்னாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதைத்தான் நான் எழுதிக்கப் போறேன்.”

மில்லி குனிந்தாள். இமை ஏற்கெனவே இறங்கியிருந்தது. ஒரு மில்லிமீட்டர். அதைப் பார்த்துச் சொல்ல இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான்.

போடச் சொல்றான் டாக்டர். மூன்றே சொல். சொல்லிவிட்டால் மத்தியானத்துக்குள் மிஷின் வந்துவிடும், சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்ளலாம், அவன் இருப்பான், அடுத்த வருடமும் இருப்பான். வாயில்லை, கையில்லை, அவன் யாரிடம் போய் முறையிடுவான்? யாருக்குத் தெரியப்போகிறது? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. கவசத்துக்கு மேலே அந்த இரண்டு கண்களும் அக்காவின் மேல்தான் இருந்தன. இந்த முறையும் மாற்றுவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான். மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

“வேண்டாம்ங்கறான்” என்றாள் மில்லி.

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“இன்னொரு தடவை கேட்டுருங்களேன். எனக்காக.”

அவள் இன்னும் குனிந்து கேட்டாள்: “வேண்டாமாடா?” கண்மணி ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறியது.

“ஆமாங்கறான்” என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார். அவள் தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மில்லி அந்த இடத்திலேயே, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் கையாலேயே தம்பியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது. உண்மையும் அதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் பார்வை கட்டிலருகே இருந்த சின்ன மேசைக்குப் போவதைக் கவனித்தாள். தண்ணீர் பாட்டில், டிஷ்யூ, அவளுடைய போன். தண்ணீரைத் தொட்டுக் காட்டினாள். இமை இறங்கியது. போனைத் தொட்டாள். கண்மணி ஏறியது.

“என்னடா? யாருக்காவது பேசணுமா?” இல்லை. “ஆடணுமா?” இல்லை.

பிறகு புரிந்தது. புரிந்ததும் முகத்தை ஒருமுறை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு விளையாட்டைத் திறந்தாள். மூன்று வாரமாகத் திறக்காதது. நான்காவது இடத்தில் கீரி மூஞ்சி நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பயிற்சிப் பக்கத்துக்குப் போனாள். போனை அவன் கண்ணுக்கு நேராக, ஒரு சாண் தள்ளி, கண்மணிக்குச் சரியாக நடுவில் வருமாறு பிடித்தாள். தாங்குசக்தியில் கழித்தல் குறியை அழுத்திச் சுழிக்குக் கொண்டுவந்தாள். வேகத்தில் கூட்டல் குறியை அவனுக்குக் கேட்கும்படி எண்ணி எண்ணி அழுத்தினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. ஒருமுறை விரல் தவறி வேறெங்கோ பட்டது. அவன் காத்திருந்தான். ஏழு. எட்டு. அன்றைக்குப் பிறகு அவன் ஒன்பது நாள் இருந்தான், போனை மறுபடி கேட்கவில்லை.

பன்னெண்டு என்றாள். திரையில் நூற்றி நாற்பத்தொன்று என்று வந்தது.

“சரியா இருக்கா பாரு” என்றாள். அவன் பார்த்தான். சரியாக இருந்தது.